சுத்தியலும் பலகையும்: மென்பொருள் பொதியாக்கத்தில் உரிம முரண்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

தூத்துக்குடியில் ஏற்றுமதிச் சரக்கைக் கன்டெய்னரில் அடைக்கிற கிடங்குகளுக்குப் போய் நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சரக்குக்கு ஒரு கட்டுக் காகிதம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தச் சரக்கைத் தாங்கிப் போகிற மரப்பலகைக்கும் தனியாக ஒரு விதி உண்டு. மரத்துக்குள் இருக்கிற பூச்சியும் மரத்தோடு சேர்ந்து கப்பலேறிப் போய் அடுத்த நாட்டுக் காட்டை அழிக்கிறது என்பதால், பலகை சூடேற்றப்பட்டதாகவோ புகைமருந்து அடிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும், அதற்கான முத்திரை பலகையிலேயே குத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2002இல் ஒரு சர்வதேச விதி ஏற்கப்பட்டது. பலகைமேல் இருப்பது எந்திர உதிரியா, கிரானைட் கல்லா என்பது பற்றி இந்த விதிக்கு அக்கறையில்லை. சரக்கில் ஒரு குறையும் இல்லாதபோதும் பலகையில் முத்திரை இல்லையென்றால் போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் மொத்தமும் நின்றுவிடும். அதே சமயம், அந்தப் பலகையில் ஆணி அடித்த சுத்தியல் யாருடையது, அதற்கு என்ன முத்திரை என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. சுத்தியல் பட்டறையிலேயே தங்கிவிடுகிறது. பலகை கூடவே போகிறது.

மென்பொருளைப் பொதியாகக் கட்டி வெளியிடுகிறபோது எழுகிற உரிமச் சிக்கல்களைப் புரிந்துகொள்ள எனக்கு இந்தப் பலகைதான் உதவியது. தமிழ் எம்.ஏ. படித்து இலக்கிய விமர்சனம் எழுதிக்கொண்டிருப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வேம்பாரிலிருந்து மணப்பாடு வரையிலான கடற்கரை ஊர்களில் கடல் சார்ந்த சொற்களை நாங்கள் நாலைந்து பேர் சில ஆண்டுகளாகத் திரட்டி வந்தோம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயர்கள், நீவாடு என்கிற நீரோட்டத்தின் போக்குகள், பார்களின் பெயர்கள், மடிகளின் உறுப்புகள் என்றபடி அது வளர்ந்தது. நிரல் எழுதத் தெரிந்த தம்பி ஒருவர் இதைத் தேடிப் பார்க்கும் அகராதியாக ஒரு மென்பொருளில் அமைத்துத் தந்தார். இணையம் ஒழுங்காக வராத பள்ளிக்கூடக் கணினிகளிலும் ஓட வேண்டும், பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும் என்பது எங்கள் ஆசை. எல்லாம் முடிந்து வெளியிடுகிற நேரத்தில் தம்பி வந்து, "அண்ணே, இத இப்படியே குடுக்க முடியாது போலயே" என்றார். பொதிக்குள் இருந்தவை எல்லாம் இணையத்தில் சும்மா கிடைத்தவைதானே, பிறகென்ன என்று நாங்கள் கேட்டோம். சும்மா கிடைப்பதும் கொடுக்க அனுமதி இருப்பதும் ஒன்றில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

2

நம் போன்றவர்களுக்குச் சுவையான ஒரு சட்டச் செய்தியிலிருந்து தொடங்கலாம். 1957ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 1984இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்கிற வரையறைக்குள் சேர்த்தது. ஆக சட்டத்தின் பார்வையில் நாவலும் நிரலும் ஒரே இனம். எழுதியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளும் உரிமை அவருக்கும் அவரது வாரிசுகளுக்கும். யாரும் பதிவு செய்யத் தேவையில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை ஒட்டிக்கொள்கிறது. எனவே ஒரு நிரலோடு உரிமம் எதுவும் இல்லையென்றால் 'யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று பொருளாகாது. 'யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது' என்றே பொருள்படும்.

'ஆசிரியன் என்பது யாது?' என்று 1969இல் கேட்ட ஃபூக்கோ, ஆசிரியன் என்கிற இடம் எழுத்தோடு இயல்பாகப் பிறந்ததில்லை, உடைமையும் தண்டனையும் சேர்ந்து உருவாக்கிய ஒரு செயல்பாடு அது என்று காட்டினார். அதற்குச் சற்று முன்பே பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்திருந்தார். இதையெல்லாம் நாமும் சிறுபத்திரிகைகளில் எழுதித் தீர்த்தோம். ஆனால் மென்பொருள் உலகில் ஆசிரியன் சாகவில்லை என்பதோடு, அவனைக் கொல்ல நினைத்தவர்களே அவனைக் காவலுக்கும் நிறுத்தினார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிபிஎல் என்கிற பொது உரிமம் (இரண்டாம் பதிப்பு 1991, மூன்றாம் பதிப்பு 2007) காப்புரிமையை மறுக்கவில்லை. 'இது என் உடைமை. ஆகவே நான் நிபந்தனை விதிக்கிறேன். என் நிபந்தனை, இதை யாரும் தனி உடைமையாக்கக் கூடாது என்பது' என்று சட்டத்தின் கருவியையே திருப்பிப் போட்டது. அளிப்புரிமை என்று இன்று தமிழில் சொல்கிறோம். நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் கொடுக்கிறபோது மூல நிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

முத்துச் சிலாபத்தில் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக, திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். 1961க்குப் பிறகு இங்கே சிலாபம் இல்லை என்றாலும் கேட்டறிந்தவர்கள் இருக்கிறார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று தெரியாமலேதான் வாங்க வேண்டும். ஆனால் வாங்கிய பிறகு திறந்து பார்க்கக் கூடாது என்று எந்த ராஜாவும் கம்பெனியும் சொன்னதில்லை. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளைத் திறந்து பார்ப்பது குற்றம் என்கிற விசித்திரம் நம் காலத்துக்கு உரியது. கட்டற்ற மென்பொருளில் 'கட்டற்ற' என்பது இந்தத் திறந்து பார்க்கும் உரிமையைக் குறிக்கிறது, விலையைக் குறிப்பதல்ல.

3

சரி, முரண் எங்கே வருகிறது? நல்லவர்கள் எழுதிய உரிமங்கள் எல்லாம் தங்களுக்குள் சண்டை போடுமா? போடும்.

ஓர் உரிமம் என்பது நிபந்தனைகளின் தொகுப்பு. இரண்டு ஆக்கங்களை ஒன்றாக்கிக் கொடுக்கிறபோது இரண்டு தொகுப்பின் நிபந்தனைகளையும் ஒரே சமயத்தில் நிறைவேற்ற வேண்டும். ஒன்றை நிறைவேற்றினால் மற்றது மீறப்படும் என்றால் அதுவே முரண். எம்ஐடி, பிஎஸ்டி போன்ற உரிமங்கள் 'என் பெயரையும் இந்தக் குறிப்பையும் அழிக்காதே' என்பதோடு ஏறத்தாழ நிறுத்திக்கொள்வதால் அவை எதனோடும் ஒத்துப்போகும். ஜிபிஎல்லோ, 'நான் விதித்ததற்கு மேல் ஒரு கட்டுப்பாடும் சேர்க்கக் கூடாது' என்கிறது. 2004இல் வந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பில், பேட்டன்ட் வழக்குத் தொடுப்பவர் உரிமை இழப்பார் என்பது போன்ற கூடுதல் நிபந்தனைகள் இருக்கின்றன. எனவே அது ஜிபிஎல் 2உடன் சேராது. இதற்கு இடம் வைத்தே எழுதப்பட்ட ஜிபிஎல் 3உடன் சேரும். இன்னும் வேடிக்கை, 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று எழுதிவிட்ட நிரல் ஜிபிஎல் 3இல் உள்ள நிரலோடு சேராது. '2 அல்லது அதற்குப் பிந்தையது' என்று எழுதியிருந்தால் சேரும். ஒரு வாலில் தொங்குகிறது எல்லாம்.

இதில் தோழர்கள் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. சொந்தக் கணினியில் எதை எதோடு சேர்த்து ஓட்டினாலும் ஜிபிஎல் கேட்பதில்லை. பிறர் கையில் கொடுக்கிற கணத்தில்தான் நிபந்தனைகள் விழித்துக்கொள்கின்றன. பொதி கட்டுவது என்பது அந்தக் கணம். ஆகவே ஆண்டுக்கணக்கில் தூங்கிய முரண் பொதியாக்கத்தில்தான் எழுந்து உட்காரும்.

அப்படியானால் ஒரே பென் டிரைவில் இருக்கிற எல்லாமே ஒன்றின் உரிமத்துக்குள் போய்விடுமா? இல்லை. தனித்தனியான ஆக்கங்கள் ஒரே வட்டிலோ பெட்டியிலோ பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை வெறும் சேர்த்துவைப்பு என்று ஜிபிஎல்லே விலக்கி வைக்கிறது. பல வியாபாரிகளின் சரக்கு ஒரே கன்டெய்னரில் போவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிரல்கள் ஒன்றையொன்று அழைத்து, ஒரே நினைவகத்தில் கலந்து இயங்கினால் அவை ஒரே ஆக்கம். ஒரே கோப்பாக இருப்பதாலேயே ஒன்றாகிவிடாது, தனிக் கோப்புகளாக இருப்பதாலேயே தனித்தனியாகிவிடவும் செய்யாது. எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

4

இனி பலகைக்கு வருவோம். நிரலை உருவாக்குகிற, பொதி கட்டுகிற கருவிக்கும் ஓர் உரிமம் உண்டு. கருவி ஜிபிஎல்லில் இருந்தால் அதைக் கொண்டு செய்ததும் ஜிபிஎல் ஆகிவிடும் என்று பயந்து ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொதுவாக ஆகாது. ஜிபிஎல் உரிமமுள்ள எழுதியில் கவிதை எழுதினால் கவிதை ஜிபிஎல் ஆவதில்லை. அங்கே கருவி சுத்தியல். ஆனால் சில கருவிகள் தம்மில் ஒரு துண்டை, செய்த பொருளுக்குள் விட்டுச் செல்கின்றன. அந்தத் துண்டு பலகை. கேட்க வேண்டிய கேள்வி, 'இந்தக் கருவியின் உரிமம் என்ன' என்பதோடு முடிவதில்லை. 'இந்தக் கருவி தன்னில் எதை என் பொதிக்குள் விட்டுப் போகிறது, அந்தத் துண்டின் உரிமம் என்ன' என்றும் கேட்க வேண்டும்.

பைசன் என்றொரு கருவி. ஒரு மொழியின் இலக்கண விதிகளைக் கொடுத்தால், அந்த மொழியில் எழுதியதைப் பகுத்துப் படிக்கிற நிரலை அதுவே எழுதித் தரும். (நம் வித்துவான்கள் பார்த்தால் மகிழ்வார்கள்.) தான் எழுதித் தரும் நிரலில் தன் சொந்த நிரலின் ஒரு பெரும் பகுதியை அது அப்படியே பெய்துவைக்கிறது. அதனால் தொடக்கத்தில் பைசனைக் கொண்டு செய்ததெல்லாம் ஜிபிஎல்லுக்குள் விழுந்தது. பின்னால் ஒரு விதிவிலக்கை எழுதிச் சேர்த்து அதைத் தளர்த்தினார்கள்.

எங்கள் தம்பி பயன்படுத்திய பைஇன்ஸ்டாலரும் இந்த இனம். பைத்தான் நிரலையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒன்றாக்கி, எங்கும் ஓடுகிற பொதியாகக் கட்டுகிறது. பொதியைத் திறந்து இயக்கிவைக்கும் சிறு நிரல் ஒன்றைத் தன்னிடமிருந்து உள்ளே வைக்கிறது. கருவி ஜிபிஎல். ஆனால் உள்ளே வைக்கிற அந்தத் துண்டுக்குத் தனி விதிவிலக்கு எழுதப்பட்டிருக்கிறது, உங்கள் பொதியை எந்த உரிமத்திலும் வெளியிடலாம் என்று. முத்திரை குத்திய பலகை. என்எஸ்ஐஎஸ் என்கிற நிறுவல் கருவியிலோ பெரும்பகுதி இளகிய ஸீலிப் உரிமம், அதன் எல்ஸெட்எம்ஏ சுருக்கப் பகுதிக்கு வேறோர் உரிமமும் விதிவிலக்கும். ஒரு கருவிக்குள்ளேயே இரண்டு மூன்று முத்திரைகள்.

பலகையைப் பார்க்காமல் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு கேடிஈ நல்ல பாடம். லினக்ஸுக்கு அழகான முகப்பு வேண்டுமென்று 1996இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் நிரல்கள் ஜிபிஎல். அவை நின்ற க்யூடி என்கிற அடித்தளம் நார்வே கம்பெனி ஒன்றின் கட்டுப்பாடான உரிமத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பொதியாகக் கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று டெபியன் குழுவினர் 1998இல் கேடிஈ பொதிகளை விலக்கினார்கள். பிடிவாதக்காரர்கள் என்று அவர்களைத் திட்டாதவர் இல்லை. ஆனால் அந்தப் பிடிவாதமும், போட்டியாக 1997இல் எழுந்த க்னோம் திட்டமும் கொடுத்த அழுத்தத்தில், 2000இல் க்யூடி ஜிபிஎல்லுக்கு வந்தது. உரிமத்தைப் படிப்பதும் ஓர் அரசியல் செயல்பாடுதான் என்று சொல்ல இதைவிட உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

5

தமிழில் இது நடக்கவில்லையா? நடந்தது. இன்று ஒருங்குறியில் எழுதுகிற பலரும் முதன்முதலில் எ-கலப்பை கொண்டு எழுதியவர்களே. அந்த விசைப்பலகையின் முதல் பதிப்புகள் கீமேன் என்கிற தனியுரிமை எஞ்சினின் மேல் நின்றன. விசைப்பலகை வரைவு நம்முடையது, பலகை அயலாருடையது. அவர்கள் அனுமதித்ததால் அது இலவசமாக நம்மிடம் வந்து சேர்ந்தது. பின்னால் மூன்றாம் பதிப்பில் எ-கலப்பை தனக்கென எஞ்சின் எழுதிக்கொண்டு ஜிபிஎல்லுக்குப் போனது. கீமேனை எஸ்ஐஎல் நிறுவனம் 2015இல் ஏற்றுக்கொண்டு, 2018க்குள் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டது. இரவல் அனுமதியில் தொடங்கி இரண்டு பக்கமும் திறந்த இடத்துக்கு வந்து சேர இத்தனை ஆண்டுகள்.

எழுத்துருக்களின் கதையும் இதுவே. விண்டோஸோடு வந்த லதா எழுத்துரு பலர் கணினியிலும் இருக்கிறது. ஆனால் அதை எடுத்து நம் பொதியில் வைத்துக் கொடுக்க நமக்கு அனுமதியில்லை. ரெட்ஹாட் வெளியிட்ட லோஹித் தமிழ் எழுத்துரு முதலில் ஜிபிஎல்லில் இருந்தது. எழுத்துருவை ஒரு நூலுக்குள் பதித்தால் அந்த நூலும் ஜிபிஎல் ஆகுமா என்கிற சங்கடம் அதில் உண்டு. 2011இல் அது திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாற்றப்பட்டது. எழுத்துருவை மட்டும் தனியாக விற்காதே, திருத்தினால் இதே உரிமத்தில் கொடு, மற்றபடி எந்த மென்பொருளோடும் சேர்த்துக்கொள் என்பது அதன் சாரம்.

எழுத்து யாருடையது என்கிற கேள்வி இந்தக் கரைக்குப் புதிதில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் அச்சுப் பணிக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். மொழிபெயர்த்த என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியாரின் பெயரை இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும். காசு கொடுத்தவர்கள் 'பரதவர்' என்கிற கூட்டுப் பெயரோடு நின்றுவிட்டார்கள்.

6

எங்கள் பொதியைப் பிரித்து வைத்துப் பார்த்தோம். முகப்புக்குத் தம்பி பைக்யூடி பயன்படுத்தியிருந்தார். அது ஜிபிஎல் 3, இல்லையேல் காசுக்கு வணிக உரிமம். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் தேட ஒரு நூலகம். அதை எழுதியவர் 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று குறித்திருந்தார். இரண்டும் ஒரே நிரலுக்குள் சேர்ந்து இயங்கின. முரண். எழுத்துரு லதா, கொடுக்கவே கூடாது. சொற்களின் தொகுப்பை நாங்களே 'வணிக நோக்கின்றி' என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைத்திருந்தோம்.

இம்மாதிரி நேரத்தில் வழிகள் நாலே நாலுதான். பொருளை மாற்றலாம், உரியவரிடம் எழுதிக் கேட்டு வேறு உரிமமோ விதிவிலக்கோ பெறலாம், கலப்பைப் பிரித்துத் தனித்தனி ஆக்கங்களாக நிறுத்தலாம், நம் உரிமத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஐந்தாவது வழி கண்டுகொள்ளாமல் விடுவது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதைத்தான் நம்மாட்கள் அதிகம் செய்கிறார்கள். பிறர் உழைப்பைப் பேர் சொல்லாமல் எடுத்தாளுகிறவர்களைப் பத்திரிகையில் கிழிக்கிற நாம் அதைச் செய்யலாகாது என்று பட்டது.

நூலகத்தை எழுதியவருக்கு எழுதினோம், பதில் வரவில்லை. அதை எடுத்துவிட்டு எம்ஐடி உரிமத்தில் உள்ள ஓப்பன்-தமிழ் நூலகத்தைப் போட்டோம். லதாவுக்குப் பதில் லோஹித். நிரல் முழுவதையும் ஜிபிஎல் 3 ஆக்கினோம். மூல நிரலை அதே பென் டிரைவில் வைத்தோம். எல்லா உரிமங்களின் வாசகமும் ஓர் உறைக்குள், கூடவே தமிழில் ஒரு பக்க விளக்கம். (நிரலைத் திறக்க விரும்பாதவர்கள் பைக்யூடிக்குப் பதில் எல்ஜிபிஎல்லில் உள்ள பைசைடை எடுக்கலாம். ஆனால் பயனர் அந்த நூலகத்தின் திருத்திய வடிவத்தை மாற்றிப் போட வழி இருக்க வேண்டும் என்பதால், ஒற்றைக் கோப்பாக இறுக்கிக் கட்டாமல் உறையாகக் கட்டுவது நல்லது.)

மிச்சம் சொற்கள். 'வணிக நோக்கின்றி' என்று நாங்கள் வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நிறையச் சொற்களைத் தந்த கடலோடிப் பெரியவர் ஒருவர் அப்போதே சொல்லியிருந்தார்: "சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. ஆனா இத வச்சு எவனும் யாவாரம் பண்ணப்பிடாது, கேட்டியளா." அந்த வாக்கைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அந்த உரிமம். ஆனால் அதன் விளைவு வேறாக இருந்தது. ஜிபிஎல் நிரலுக்குள் அச்சொற்களைக் கலக்க முடியாது. எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்றிருந்தால்தான் டெபியன் ஏற்கும். தமிழ் விக்சனரிக்கும் போகாது. இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு படியெடுத்துக் கொடுக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர்கூடக் குற்றவாளியாகலாம். சட்டமோ பெரியவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. தனிச்சொல்லுக்குக் காப்புரிமை கிடையாது. சொல்லுக்கு விளக்கம் எழுதிய எங்களுக்குத்தான் உரிமை. சொன்னவர் எந்தக் காகிதத்திலும் இல்லை. இரண்டு உரிமங்களுக்கு இடையிலான முரணைத் தீர்க்க நாலு வழி சொன்னேன். உரிமத்துக்கும் வாக்குக்கும் இடையே வருகிற முரணுக்கு அவரிடமே திரும்பிப் போவதைத் தவிர வழி தெரியவில்லை.

போனோம். விற்பதென்றால் இன்னது என்று நாங்கள் பட்ட பாட்டையெல்லாம் சொன்னோம். வலையைச் செப்பனிட்டுக்கொண்டே கேட்டார். "கடக்காரன் காசு வாங்குனா வாங்கிட்டுப் போறான் தம்பி. அத யாரு சொன்னா? எவனாச்சும் எடுத்துப் பூட்டி வச்சிக்கிட்டு, எங்க புள்ளைய கேட்டா துட்டு வைன்னு சொல்லப்பிடாது. அதான் சொன்னேன்." அளிப்புரிமையை இதைவிடத் தெளிவாக விளக்கிய கட்டுரையை நான் படித்ததில்லை. சொற்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸின் 'பெயர் குறிப்பிட்டு, அதேபோல் பகிர்க' என்கிற 4.0 உரிமத்துக்கு மாற்றினோம். 2015 முதல் அதில் உள்ளதை ஜிபிஎல் 3 ஆக்கங்களுக்குள் எடுத்துக்கொள்ள வழியிருக்கிறது. எடுப்பவர் யாராயினும் பூட்ட முடியாது.

எழுந்து வரும்போது கேட்டார்: "எழுதுனவன் பேரு போட்டிருப்பிய. சொன்னவன் பேரு?"

போட்டிருக்கவில்லை. 'கடலோர மக்கள்' என்று ஒரு வரி நன்றி இருந்தது. 'பெயர் குறிப்பிட்டு' என்கிற நிபந்தனையை நாளை நம்மிடமிருந்து எடுக்கிறவர்களுக்கு விதித்துவிட்டு, நாங்கள் எடுத்த இடத்தில் அதை மீறியிருந்தோம். திரும்ப ஊர் ஊராகப் போய், சம்மதித்தவர்களின் பெயர்களை ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் குறிக்கிறோம். பொதி இன்னும் வெளியாகவில்லை.